வேன் வந்த பிறகு போட்ட எடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் சொல்லிக்கொள்ளும்படி நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று, நான் குறை சொல்ல ஆரம்பித்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், செய்தி கேட்க மட்டும் மாட்டிக்கொள்கிறார். அண்ணன் வீடு மாறிவிட்டான், நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, பெற்றவளுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பது அவன் ஞாபகத்தில் இருந்ததாகவே தெரியவில்லை.

போன வாரம் நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை கண்ணு. தூக்க மாத்திரை ஆராய்ச்சியில் பாதியில் நின்றுபோன பதினொரு பேரை அறிக்கையில் சேர்க்காமல் விடலாமே என்று பணம் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், மிரட்டவில்லை, கேட்கத்தான் செய்தார்கள் என்றாய். அடுத்த வருடப் பணம் அவர்கள் கையில், உன் வேலையும் அதில்தான். அண்ணனிடம் சொன்னேன், "பதினோரு பேர்தானேம்மா, தலை போற காரியமா" என்றான். அப்பாவோ கம்பெனிப் பணத்தைத் தொடவே கூடாது என்று ஒரே போடாகப் போட்டார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தபோது ஒரு பால்மாவு ஆராய்ச்சி நடந்தது. பாதிக் குழந்தைகளுக்கு ஒரு கம்பெனியின் புது மாவு, பாதிப் பேருக்குச் சாதாரண மாவு, மாதம் ஒருமுறை எல்லாரையும் வெறும் வயிற்றில் எடை போட வேண்டும், அது என் பொறுப்பு. செலவெல்லாம் கம்பெனியுடையது. தடுப்பூசி வைக்க ஃப்ரிட்ஜும் வாங்கித் தந்தார்கள், அதுவரை ஐஸ் பெட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது மாதத்திலிருந்து புது மாவு குடிக்கிற பிள்ளைகளை அழைத்துவர வேன் அனுப்பினார்கள். குலுங்கி வந்த பிள்ளைகள் இறங்கும்போதே வீறிட்டு அழும். பாவம், முதலில் பாலைக் கொடுங்கள், அப்புறம் எடை போடலாம் என்று தாய்மார்களிடம் நானேதான் சொன்னேன். நடந்து வந்தவர்களின் பிள்ளைகளை மட்டும் விதிப்படி வெறும் வயிற்றோடு தராசில் கிடத்தினேன். எடையைக் கூட்டிப் போடுங்கள் என்று கம்பெனி ஆள் ஒரு நாளும் கேட்டதில்லை. வந்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார், அவ்வளவுதான். நமக்கு நல்லது செய்தவர்கள் என்ற நினைப்பு எனக்குள் ஊறிப்போயிருந்தது, என் கை அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது.

புது மாவு குடித்த பிள்ளைகள் நூற்றிருபது கிராம் கூடுதல் என்று முடிவு அச்சாகி வந்தது. ஒரு வேளைப் பாலே ஏறக்குறைய அவ்வளவு வரும். எல்லாக் குழந்தைகளும் வெறும் வயிற்றில் எடை போடப்பட்டன என்ற வரியைப் படித்ததும் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். பெரிய டாக்டரிடம் ஓடினேன். "இப்பப் போய்க் கிளறாதீங்க சிஸ்டர், அடுத்த ஆராய்ச்சிக்கும் அவங்கதான் பணம் தர்றாங்க" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் பணமே வாங்காதே என்று சொல்ல மாட்டேன், யாராவது கொடுத்தால்தானே ஆராய்ச்சி நடக்கும். ஆனால் அந்தப் பதினொரு பேரையும் எழுது, ஏன் நின்றார்கள் என்பதையும் எழுது. வேலை போனால் இங்கே வா, உன் அறையில் அடைத்து வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களை ஒரு நாளில் காலி செய்துவிடுவேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நீ பிறந்தபோது எனக்குப் பால் போதவில்லை, நீ எடை ஏறாமல் நோஞ்சானாகக் கிடந்தாய். எல்லாம் தெரிந்திருந்தும் அந்த மாவையேதான் வாங்கினேன். ஊரே நம்பியதை நானும் நம்ப ஆசைப்பட்டேன். மூன்று மடங்கு விலையாயிற்றே, நிஜமாகவே நல்லதா என்று அப்பா கேட்டார். நானே எடை போட்டவள், எனக்குத் தெரியாதா என்று அவர் வாயை அடைத்தேன்.

நீ நீண்ட ஆயுளோடும் கலங்காத மனசோடும் இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்து என்றாயே, போடுவதற்கு முன்னால் ஒரு போன் செய். அதற்குள் அப்பாவிடமும் அந்த மாவு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உன் நலமே நினைத்திருக்கும்,
அம்மா