ஹார்லன் பெயரில் எழுதிய மாத்திரை

நோர்டால், வடக்கு டகோட்டா
டிசம்பர் 2

அன்பு லவோன்,

போன் அடித்தால் எடுப்பதில்லை. உன் மருந்துக்கடைக்கு வந்தால் பின்பக்கம் போய்விடுகிறாய். ஒரே தெருவில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

தம்பியைப் பறிகொடுத்தவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டெல்மருக்கு ஐம்பத்து மூன்றுதான். மாட்டுக் கொட்டகையில் விழுந்தான், தலைக்குள் ரத்தம் கசிந்தது, மூன்றாம் நாள் போய்விட்டான். அவன் இல்லாமல் சர்ச் நிலவறையில் ஞாயிற்றுக்கிழமைக் காபி காபியாகவே இல்லை. உனக்காக மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் சுட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் பாத்திரம் என் வாசலில் இருந்தது, மூடிகூடத் திறக்காமல், கல்லாக உறைந்து. மாட்டிறைச்சி பிடிக்காமல் போய்விட்டதா, என்னையா?

என் வீட்டுக்காரர் ஹார்லன் ரயில்வே வேலையில் இந்த வாரம் மைனாட் பக்கம் இருக்கிறார். உன்னை விசாரித்தார். ஒரு வரியாவது எழுது. நாற்பது வருடப் பழக்கம், லவோன்.

என்றும் உன்,
கார்லிஸ்


டிசம்பர் 9

கார்லிஸ்,

ஒரு வரி கேட்டாய். கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

ஃபார்கோ ஆஸ்பத்திரியில் டெல்மரின் உடைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவன் கோட்டுப் பையில் ஒரு மாத்திரைக் குப்பி இருந்தது. சிறுநீர் எரிச்சலுக்குக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரை. இருபதில் இரண்டுதான் மிச்சம். குப்பியில் ஒட்டியிருந்த பெயர் டெல்மர் இல்லை, உன் புருஷன் ஹார்லன். எழுதியவள் நீ.

டெல்மர் தன் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தினமும் சாப்பிட்டு வந்தான். அதனுடன் சல்ஃபா சேர்ந்தால் ரத்தம் கசிய ஆரம்பித்து நிற்காது என்று நர்சிங் பள்ளியில் முதல் வருடப் பெண்ணுக்குத் தெரியும். டாக்டரே இல்லாத ஊரில் நர்ஸாக இருந்தே உன் கையெழுத்தில் மருந்து எழுதும் உரிமை வாங்கி, தனியாகக் கிளினிக் நடத்தும் உனக்குத் தெரியாதா? தெரியும். வேறு மாத்திரை சாப்பிடுகிறாயா என்று நீ அவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நிலவறையில் காபிக் கோப்பையோடு அவன் உன்னிடம் வந்திருப்பான். "கார்லிஸ், ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றிருப்பான். நீ என்ன சொல்லியிருப்பாய் என்றும் எனக்குத் தெரியும், ஊரில் எத்தனையோ பேரிடம் சொன்னதுதானே: "கிளினிக்குக்கெல்லாம் வராதே, எதுக்கு வீண் செலவு, ஹார்லன் பேர்ல எழுதிடறேன், அவரோட ரயில்வே இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்."

ஒரு வருடத்தில் ஹார்லனுக்குப் பதிமூன்று முறை சிறுநீர் எரிச்சல், நாலு முறை காதுவலி, ஒரு மசக்கை வாந்தி. நாம் இருவரும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களின் மருந்தை அவர் பெயரில் எழுதியதால், டெல்மரின் இரண்டு மாத்திரைகளும் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் சந்திக்கவே இல்லை. சந்தித்திருந்தால் திரை முழுக்க எச்சரிக்கையில் சிவப்பாகியிருக்கும்.

மாநில நர்சிங் வாரியத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். உனக்கு நோயாளியாக இல்லாதவனுக்கு, பரிசோதிக்காமல், கோப்பு திறக்காமல், இன்னொருவன் பெயரில் மருந்து எழுதினாய் என்று. உன் உரிமம் போக வேண்டும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாயே, அந்த இடம் வெறும் ஆணியோடு இருப்பதை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

லவோன்


ஜனவரி 17

லவோன்,

உன் கடிதத்தை ஹார்லனிடம் காட்டவில்லை. மூன்று நாள் நானே வைத்துக்கொண்டு அழுதேன். டெல்மர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியாது, அவன் இதய டாக்டர் ஃபார்கோவில். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வாரியத்திடம் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் நான் போனால் அறுபது மைல் சுற்றளவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க ஆள் கிடையாது. என்னுடைய ஒரு தவறுக்காக ஊரையே தண்டிக்கிறாய்.

வாரியத்தின் விசாரணை அதிகாரி போன வாரம் வந்தார். சின்னப் பையன், மெல்லிய ஷூ, பனியில் வழுக்கிக்கொண்டே வீடு வீடாகப் போனான். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தாங்களும் இன்ஷூரன்ஸை ஏமாற்றியதாக ஆகுமே. ஹார்லன் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் என் மாத்திரைதான் தம்பி. நானேதான் முழுங்கினேன். டெல்மர் என் குப்பிய எப்படி எடுத்தான்னு எனக்கெப்படித் தெரியும்?" பையன் எழுதிக்கொண்டு போய்விட்டான். உன் புகாருக்கு ஒரு சாட்சிகூட இல்லை. அது அலமாரியில் தூங்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கு வலிக்கட்டும் என்றே சொல்கிறேன். அந்தக் குப்பியை டெல்மரின் கையில் கொடுத்தது யார்? உன் கவுன்டர், உன் கை. நவம்பர் 8, உன் பெயரின் முதலெழுத்து அந்த லேபிளிலேயே இருக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் அவனுக்கு மாதாமாதம் கொடுத்தது நீதான். "இது யாருக்குடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். மூன்று வருடமாக நீ யாரையும் கேட்டதே இல்லையே.

கார்லிஸ்


ஜனவரி 25

கார்லிஸ்,

வலித்தது. நீ நினைத்ததைவிடக் கூடுதலாகவே வலித்தது.

அன்று அவன் வந்தான். கோட்டு முழுக்க வைக்கோல். "அக்கா, ஹார்லனோட மாத்திரை ஒண்ணு இருக்காமே, குடு" என்றான். ஹார்லன் ஊரில் இல்லை, இவன் உதவிக்கு வாங்கிப் போகிறான் என்று நினைத்தேன். இல்லை, பொய். நான் எதுவுமே நினைக்கவில்லை. கேட்காமலிருப்பது இந்த ஊரில் மரியாதை. "ஹார்லன்கிட்ட நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்று கிண்டல் செய்து அனுப்பினேன். அவனும் சிரித்தான். என் தம்பியோடு நான் கடைசியாகப் பேசியது அந்தக் கிண்டல்தான்.

சாட்சி இல்லை என்று சந்தோஷப்பட்டாயே. ஒரு சாட்சி இருக்கிறாள்.

வியாழக்கிழமை நான் பிஸ்மார்க்குக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன், நாலு மணி நேரம், பனிப்புயலுக்கு நடுவே. அந்தப் பையனிடம் வாக்குமூலம் கொடுத்தேன். ஹார்லன் பெயரில் நீ எழுதிய ஒவ்வொன்றும் உண்மையில் யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுத்தேன் என்று. அவன் கேட்ட மூன்று வருடக் கடைப் பதிவுகளையும் ஒப்படைத்தேன். பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா உங்க மருந்தாளுநர் உரிமமும் போயிடும். வக்கீலைக் கேட்டுட்டு வாங்களேன்." அவன் முன்னாலேயே போட்டேன். திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கிச் சாப்பிட்டேன், நவம்பருக்குப் பிறகு எனக்கு முதல் தடவையாகப் பசித்தது.

மசக்கை வாந்திக்கு எதற்கு மாத்திரை முழுங்கினார் என்று ஹார்லனும் யோசித்து வைத்துக்கொள்ளட்டும். அவரையும் கூப்பிடுவார்கள்.

லவோன்


பிப்ரவரி 20

லவோன்,

என் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள், விசாரணை முடியும்வரை. கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. உன் கடையும் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். ஹார்லன் என்னோடு பேசுவதில்லை, பொய் சொன்னதற்கு வேலை போகும் என்ற பயம். நேற்று ஒரு பெண் இருமுகிற குழந்தையோடு வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. அந்த ஆணி இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது. வந்து பார்த்துக்கொள். பார்த்துவிட்டாவது என்னை மன்னித்துவிடு. விசாரணையில் நான் எதையும் மறுக்கப்போவதில்லை, நீ மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல். இரண்டு வருடத்தில் உரிமம் திரும்பிவிடும் என்கிறார் வக்கீல். நம் இருவருக்குமே.

உன் கார்லிஸ்


மார்ச் 3

கார்லிஸ்,

ஆணியைப் பார்க்க வரமாட்டேன். ஆசை தீர்ந்துவிட்டது என்பதற்காக இல்லை. அது போதவில்லை.

குழந்தையோடு வந்த பெண் என் கடையையும் தட்டினாள். நானே என் வண்டியில் அவளை அறுபது மைல் தள்ளியிருக்கிற டாக்டரிடம் அழைத்துப் போனேன். போகிற வழியெல்லாம் என்னைத்தான் திட்டினாள், உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டட்டும். நான் அதற்கு உரியவள்தான். உன்னையும் ஒருநாள் திட்டுவார்கள் என்று காத்திருக்கிறேன்.

குறைத்துச் சொல்லமாட்டேன். என் உரிமம் திரும்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இழக்க இனி எதுவும் மிச்சமில்லாததால் வக்கீல் சொல்லும் பேரம் எதுவும் என்னிடம் செல்லாது. உனக்கு இரண்டு வருடம் இல்லை, எத்தனை வருடம் கேட்க முடியுமோ அத்தனையும் கேட்பேன்.

விசாரணை ஏப்ரல் 8. பக்கத்து நாற்காலியில் வந்து உட்காராதே, கையைப் பிடிக்கப் பார்க்காதே. எனக்கு நேர் எதிரே உட்கார். என் தம்பி கையில் அந்தக் குப்பியைக் கொடுத்தவள் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு உன் முகம் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு நீ உன் பங்கைச் சொல்ல எழுந்திருப்பாய். அப்போது நான் கண்ணை எடுக்கமாட்டேன்.

லவோன் ஸ்டென்ரூட்