காலி அரியணைக்கு ஒரு பொற்கோல்

கடலும் கழியும் அரணாகக் கொண்ட செங்கழிநாட்டை ஆள்பவளும், உப்பளத்தாரின் கையால் முடி ஏற்றவளுமாகிய முகத்துறை நறுவீ நாச்சியார், எழுத்தர் எவரையும் அழைக்காமல் தன் கையாலேயே எழுதிய ஓலை இது. ஏழு மலைக்கும் தலைவரும், யானைக்கொடி உயர்த்தியவருமாகிய பெருங்குன்றத்துப் பேரரசர் அடலேறு மன்னரின் திருமுன் சென்று சேர்க. தங்கள் மலைகளில் மழை பொய்க்காதிருக்கட்டும். தங்கள் யானைகள் நோயற்று நிற்கட்டும். எங்கள் உப்பு தங்கள் குடிகளின் உலைகளில் என்றும்போல் கரைந்துகொண்டிருக்கட்டும்.

தாங்கள் அனுப்பிய பொற்கோல் வந்து சேர்ந்தது. பட்டில் சுற்றி, சந்தனப் பேழையில் வைத்து, முரசு முழங்க எடுத்துவந்தார்கள். எங்கள் நாட்டு நிழற்கூத்துத் தலைவி அல்லியங்கோதை ஆக்கி, தங்கள் திருமுன் வந்து ஆடிக்காட்டிய ‘வரப்போகும் ஊர்’ என்னும் கூத்தே இவ்வாண்டு ஏழு மலையிலும் சிறந்ததென்று தங்கள் பேரவை தேர்ந்தமைக்கு எம் நன்றி உரியது. தோலில் வெட்டிய பாவைகளையும் ஒரு விளக்கையும் ஒரு வெள்ளைத் துணியையும் கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் உலகை அவள் காட்டினாள். நிலவுக்கு ஓடும் இரும்புத் தோணியும், தொலைவில் இருப்பவரோடு பேசவைக்கும் கூழாங்கல்லும், மனிதக் கை படாமல் உப்பு வாரும் எந்திரமும் அதில் வந்தன. அதைக் கண்டு தீவகத்தார் முத்துக்குடை அளித்தார்கள். தென்துறை வணிகர் சபை வெள்ளி விளக்கு அளித்தது. அவ்விருவரும் கூத்தில் ஒரு பாவையைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

தங்கள் அமைச்சர் பேழையோடு அனுப்பிய மடலில் வேறொன்று எழுதியிருந்தார். பரிசளித்தவரின் உருவத்தைக் கூத்தின் கடைசிக் காட்சியில் சேர்த்து, அவர் முன்னிலையில் மறுபடி ஆடிக்காட்டுவது பெருங்குன்றத்து மரபாம். இந்தக் கூத்தின் கடைசிக் காட்சியிலோ ஓர் அரியணை மட்டுமே இருக்கிறது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அரசர் எவருமில்லாத அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்க வருகிறார்கள். ஒரு சிறுமி கயிற்றுக்கு மேலாகக் கை நீட்டி, இருக்கையில் படிந்த தூசியில் கோலம் போடுகிறாள். அத்துடன் விளக்கு அணைகிறது. அந்த இருக்கையில் அமர்த்துவதற்கென்று தங்கள் திருவுருவம் மான்தோலில் வெட்டப்பட்டு, மீசைக்குப் பொன்தூளும் பூசப்பட்டு ஆயத்தமாக இருப்பதாக அமைச்சர் தெரிவிக்கிறார். அல்லியங்கோதை அதைத் தொட மறுத்ததால், அவளும் அவள் குழுவினரும் மனம் மாறும்வரை விருந்தினர் மாளிகையில் தங்கவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். வெளிப்புறம் தாழிட்ட மாளிகைக்கு எங்கள் நாட்டில் வேறு பெயர் உண்டு.

ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் பேரரசரின் புகழ் அரியணையில் இருக்கும் என்பதில் உனக்கு ஐயமா என்று அமைச்சர் அவளிடம் கேட்டாராம். “இருக்கட்டுங்க ஐயா, நல்லா இருக்கட்டும். ஆனா அன்னைக்கு அவருக்கு வேற ஏதாவது வேலை கெடைச்சிருக்கும்” என்று அவள் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைத்தான் அமைச்சர் குற்றமாக எழுதியிருக்கிறார். அவள் சொன்ன மற்றொன்றையும், அதன் பொருள் அறியாமலேயே, எழுதியிருக்கிறார். அந்த இருக்கையில் யாரை உட்காரவைத்தாலும் கூத்து அதற்கு முந்தின காட்சியிலேயே முடிந்துபோகும் என்றாளாம். அரசர் அமர்ந்துவிட்டால் அது வரப்போகும் ஊராக இராது என்பதே அதன் பொருள்.

இதுவரை ‘எம்’ என்று எழுதினேன். அது அரியணை பேசும் சொல். இனி எழுதப்போவது என்னுடையது.

முகத்துறைக் கடற்கரையில் அந்தக் கூத்து முதன்முதலாக ஆடப்பட்டபோது குடிகளோடு மணலில் அமர்ந்திருந்தேன். கடைசிக் காட்சியில் திரையில் விழுந்தது என் அரியணையின் நிழல். கைப்பிடியில் உள்ள சுறாமுகத்தைக்கூட அல்லியங்கோதை விடவில்லை. முதலில் என் காதுகள் சுட்டன. அது சினம் என்று அறிந்தேன். பிறகு என் கண்கள் காவலரைத் தேடின. அது அச்சம் என்றும் அறிந்தேன். இவ்விரண்டும் தாங்கள் அறிந்தவையே. அவற்றை அறியாமல் எவரும் முடி சூடுவதில்லை. மூன்றாவதாக வந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. என் தோள்கள் தாமாகத் தாழ்ந்தன. நெடுநாள் சுமந்த எதையோ யாரோ கேட்காமலே இறக்கிவைத்ததுபோல் மூச்சு வந்தது. நான் இல்லாத அந்த உலகில் பிள்ளைகள் நலமாக இருந்தார்கள். அரசி ஒருத்திக்கு அதைவிட ஆறுதலும் இல்லை, அவமானமும் இல்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

அப்போது எனக்குப் பின்னால் உப்பளத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டார்கள். “ராசா ராணி இல்லாத ஊர்ல வரிய யாருக்குடி கட்டுவாங்க?” என்றாள் ஒருத்தி. “வரி இருக்கும்டி. ராணிதான் இருக்க மாட்டா” என்றாள் மற்றவள். சுற்றியிருந்தவர்கள் சிரித்த பிறகே நான் முன்னால் இருப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுத்துவிட்டு, “கோச்சுக்காதீங்க தாயி. அந்த உப்பு வார்ற எந்திரம் எப்ப வரும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, என் முதுகு நிமிரும்” என்றாள். அவளிடம் எனக்குச் சினம் எழவில்லை. முத்துக்குடைக்கும் வெள்ளி விளக்குக்கும் முன்பே அந்தக் கூத்து பெற்ற முதல் பரிசு அதுவென்று கருதுகிறேன். இன்னும் பிறக்காத ஒரு காலத்தை, நாளை வரும் படகைப்போல் ஒருத்தி கேட்டாள். அப்படிக் கேட்கவைத்த கூத்துக்கு வேறு எவர் பொன் தந்து என்ன கூட்டிவிட முடியும்?

தாங்களும் அக்காட்சியைக் கண்டபோது தோள் தாழ்ந்ததை உணர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இத்தனை விரைவாக மான்தோல் தேடப்பட்டது. நான் பிழையாக எண்ணியிருந்தால் தாங்கள் என்மேல் சினம் கொள்ளலாம். சரியாக எண்ணியிருந்தால் இன்னும் அதிகமாகக் கொள்வீர்கள்.

ஆகவே பொற்கோலை, வந்த பட்டிலேயே சுற்றி, வந்த பேழையிலேயே வைத்து, இவ்வோலையோடு திருப்பி அனுப்புகிறேன். அல்லியங்கோதையையும் அவள் குழுவினரையும், அவர்களுடைய திரையையும் பாவைகளையும் வரும் முழுநிலவுக்குள் எல்லைக்கு அனுப்பிவைக்க வேண்டும். இதை வேண்டுகோளாக எழுதவில்லை. தங்கள் யானைப்படை பெரிது, என் படை சிறிது என்பதைத் தங்கள் அமைச்சர் நினைவூட்டத் தேவையில்லை. நாள்தோறும் விழிக்கும்போதே அது எனக்கு நினைவுக்கு வருகிறது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

முழுநிலவன்று, இரு நாட்டுக்கும் எல்லையான வெண்மணலாற்றின் எங்கள் கரையில் ‘வரப்போகும் ஊர்’ ஆடப்படும். என் கப்பலின் பெரும்பாயை அவிழ்த்துத் திரையாகக் கட்டச் சொல்லிவிட்டேன். தங்கள் கரையில் இருக்கும் குடிகளுக்கும் நன்றாகத் தெரியும். ஆற்றைக் கடக்கும் நிழலுக்குச் சுங்கம் விதிக்க வழியில்லை. அல்லியங்கோதை வந்துசேர்ந்தால் அவள் ஆடுவாள். வராவிட்டால், கூத்தை மனப்பாடமாக அறிந்த எங்கள் மக்கள் புதிய பாவைகளை வெட்டி ஆடுவார்கள். கடைசிக் காட்சியில் திரைக்குப் பின்னால் நின்று அந்தக் காலி அரியணையைத் தூக்கிப் பிடிக்கப்போகிறவள் நான்.

இந்த ஓலையைப் பேரவை நடுவே முழுவதும் படிக்க வேண்டும். படிப்பவர் எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்த வேண்டாம். சுறா முத்திரை இட்டு, முகத்துறையிலிருந்து விடுக்கப்பட்டது.

கூத்தைக் காணத் தாங்களும் வரலாம். எங்கள் கரையில், முன்வரிசையில், தங்களுக்கென்று ஓர் இருக்கை போடப்படும். தாங்கள் வரும்வரை அது காலியாகவே இருக்கும்.