பக்க மொட்டுகள் விழித்துவிட்டன

என் பாதாம் பருப்பே, துடா, அந்தக் கனடாக் குளிரில் அல்லாஹ் உன்னைச் சூடும் சுகமுமாக வைத்திருக்கட்டும், இங்கே நானும் ஆடுகளும் நலம், உன் வாப்பா மட்டும்தான் இல்லை. அவர் மவுத்தான பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது, அழுதுகொண்டு எழுதவில்லை மகளே, ஜெயித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த வருஷம் மலையில் பனியே விழவில்லை என்று போனில் சொன்னேன் அல்லவா, அதனால் வாப்பா நட்ட ஆப்பிள் கன்றுகளில் நுனி மட்டும் வீங்கியது, பக்கமெல்லாம் கம்பு மாதிரி நின்றது. உன் சாச்சா பாஸ்ஸூ வந்து பார்த்துவிட்டு, மதினி, இதெல்லாம் செத்த கட்டை, உங்க நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிஞ்சதும் வெட்டி ரொட்டி அடுப்புல போட்டுட்டு வெங்காயம் நட்டுடலாம் என்றார். வாப்பா தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை அடுப்பில் போட எனக்கு மனம் வருமா? அப்போதுதான் நீ சொன்னாய், நுனி மொட்டு ஒரு சாற்றைக் கீழே அனுப்பிப் பக்க மொட்டுகளை எழுந்திருக்க விடாமல் வைக்கும், மொட்டைத் தூங்க வைக்கிற இன்னொரு சாறும் குளிர் போதாததால் இன்னும் கரையவில்லை, மொட்டுக்குச் சற்று மேலே பட்டையில் பிறை போலக் கீறினால் நுனியின் கட்டளை அங்கேயே நின்றுபோகும், வேரிலிருந்து வரும் எழுப்புகிற சாறு மொட்டுக்குச் சேரும் என்று. நீ அதற்கு ஹார்மோன் என்று பேர் சொன்னாய், எனக்குச் சாறு என்றால்தான் புரிகிறது.

வெள்ளை உடுத்திய விதவை தோட்டத்தில் இறங்கலாமா என்று ஊர்ப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இமாமிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன், பகல்ல பிழைப்புக்காகப் போனா குத்தமில்லே, தாராளமா போங்க என்றார். கத்தியைத் தீட்டி எடுத்துப் போனேன். பாஸ்ஸூ சுவர் மேல் உட்கார்ந்து, செத்த மரத்துக்குச் சவரம் பண்றீங்களா மதினி என்று சிரித்தார். ஆமா, அடுத்தது உன் தாடிதான் என்றேன், இறங்கி ஓடிவிட்டார்.

நேற்று இத்தா முடிந்து வெள்ளையைக் கழற்றினேன், நேரே தோட்டத்துக்குத்தான் போனேன். கீறிய இடத்துக்கெல்லாம் கீழே பச்சை வெடித்திருக்கிறது துடா! பாஸ்ஸூவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். கோடாலியை ஒளிச்சு வச்சிடுங்க, பார்த்தா எனக்கே வெட்கமா இருக்கு என்றார், போகும்போது தன் தோட்டத்துக்கும் கத்தியோடு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, வாப்பாவுக்கு யாசீன் ஓத மறக்காதே. உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

உன் உம்மா இத்தோ

எழுதி முடித்துத் திரும்பவும் போய்ப் பார்த்தேன். வாப்பா கடைசியாக நட்ட கன்றில், தரையை ஒட்டி, பட்டுப்போனது என்று நான் கத்தியே வைக்காமல் விட்ட ஒரு மொட்டும் விரிந்திருக்கிறது. அதன் மேலே யாரும் பட்டையைக் கீறவில்லை, பிறகு அதை எழுப்பியது யார் மகளே?