மூன்றாவது காப்பி

ஜூலை 28

நாங்கள் வாடகைக்கு விடும் மாடி அறைக்குக் கடலோர ஊரான உல்சினிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். திரிதா அத்தையும் அவர் மகள் வ்லோராவும். கடற்கரையில் வெயில் தாங்கவில்லையாம், எங்கள் மலைக்குக் குளிர்ச்சி தேடி வந்தார்களாம். கடலை விட்டுவிட்டு வருவார்களா யாராவது? வ்லோராவின் துண்டை உதறினேன். மணல் உதிர்ந்தது. பெருக்க மனம் வரவில்லை.

ஜூலை 30

"இவ்ளோண்டு நாடு! கார்ல அஞ்சு மணி நேரம். நீ கடலையே பாத்ததில்லையா?" என்றாள் வ்லோரா. சிரித்து மழுப்பினேன். பள்ளியில் கடலுக்கு அழைத்துப்போவது கடைசி வகுப்பில்தான். அதற்கு முன்பே அம்மாவுக்கு முதுகு போய்விட்டது, நான் போகவில்லை. அன்றிலிருந்து அறைகளும் அடுப்பும் என்னுடையவை.

ஆகஸ்ட் 2

எங்கள் ஏரியில் குளித்துவிட்டு, "உப்பே இல்ல, சப்புனு இருக்கு" என்று துப்பினாள். கடல் என்றால் தண்ணீரே ஆளைத் தூக்கி வைத்துக்கொள்ளுமாம். சும்மா படுத்தால் போதுமாம்.

ஆகஸ்ட் 5

"எங்களோட வா. ஒரு வாரம். எங்கம்மா உங்கப்பாகிட்ட கேப்பாங்க. இல்லன்னா நீயே கேளேன்!"

நானா? மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்லவே கதவுக்குப் பின்னால் நிற்கிறவள்.

ஆகஸ்ட் 7

போச்சு. எல்லாம் போச்சு.

மதியம் கிளம்புவதற்கு முன் திரிதா அத்தை அப்பாவோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்களை வரவேற்க முதல் காப்பி கொடுத்தேன். பேச்சுக்கு இரண்டாவது. "ரமிஸ் அண்ணே, உங்க செனிதாவப் பத்தி ஒண்ணு கேக்கணும்" என்று அத்தை ஆரம்பித்தார். நான் அடுப்படிக்கு ஓடினேன். சும்மா நிற்க முடியுமா, கைக்கு ஏதாவது வேலை வேண்டாமா? காப்பி காய்ச்சினேன். கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மூன்றாவது காப்பி! 'போய்ட்டு வாங்க' என்று சொல்லும் காப்பி. எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அத்தை கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிம்மா, புரிஞ்சுது" என்று சிரித்தபடி எழுந்துவிட்டார். வ்லோரா கார் கண்ணாடியை இறக்கவே இல்லை.

வாயைத் திறந்திருக்கலாமே. ஒரு வார்த்தை. ஏன் திறக்கல நான்?

ஆகஸ்ட் 8

மாட்டுக் கொட்டகையில் அப்பா கேட்டார்: "ஏம்மா அவங்கள அப்படி அனுப்பிச்ச? புடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? உன்னக் கடலுக்குக் கூப்பிடத்தான் வந்தாங்கன்னு தெரியும், நான் சரின்னு சொல்லத்தான் இருந்தேன்."

சரியென்று சொல்ல இருந்தாராம்!

பால் வாளியைக் கீழே வைத்தேன். "புடிக்கும்பா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக, "நான் போகணும்பா. கடலப் பாக்கணும்." மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

அப்பா வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "இந்தக் குரல எங்கடி வச்சிருந்த?" என்றார்.

ஆகஸ்ட் 9

அப்பா உல்சினுக்குப் போன் போட்டு, அந்தக் காப்பியை நான் பதற்றத்தில் வைத்துவிட்டதைச் சொன்னார். திரிதா அத்தை சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. "அவள நீங்க கூட்டிட்டு வராதீங்க அண்ணே, தனியா பஸ் ஏத்தி விடுங்க. வழி கேட்டு வரட்டும்!"

அம்மாதான் முணுமுணுக்கிறாள். "ஒரு வாரம் அறைய யாரு பெருக்குவா? நீயா?" என்று அப்பாவைக் கேட்டாள். "ஆமா, நான்தான்" என்றார் அவர்.

ஆகஸ்ட் 20

பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. பெரிதாக நீலத் தண்ணீர் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "உக்காரு பொண்ணு, அது ஏரி" என்றார் நடத்துநர். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப கடல் எங்க?" என்று நான் கேட்டேன். அத்தனை பேர் முன்னால்.

"இந்தச் சுரங்கம் தாண்டினா."

உள்ளே நுழைகிறோம். இருட்டில் எழுத முடியவில்லை