மெஷினுக்கு அடியில் ஒரு மணி நேரம்

கான் தோ, வியட்நாம்
ஜூன் 9

அன்புள்ள கணவர் தொவானுக்கு,

லூவா எழுதுவது. நானும் மகள் முயியும் நலம். எனக்கு உங்கள்மேல் கோபம், அவ்வளவுதான்.

போனில் நான் வாயைத் திறந்தாலே, "மன்னிப்புக் கடுதாசியில கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்று வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் கூரை ஒழுகவில்லை. நானே ஏறித் தகரத்தை மாற்றினேன். முயிக்கு இன்னொரு பல் விழுந்துவிட்டது. அதை நீங்கள் வந்து பார்ப்பதற்காக டப்பாவில் வைத்திருக்கிறாள்.

எங்கள் தையல் ஆலையில் மதியச் சோறு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, மெஷின்களுக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து எல்லாரும் படுப்போம். ஒரு மணி நேரம் கழித்துப் புது ஆளாக எழுந்திருப்போம். புதிதாக வந்த மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆலையா, பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டார். மறுநாள் அட்டைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. சோற்றுக்கு அரை மணி, உடனே மெஷின். மூன்று வாரத்தில் மூன்று பேர் விரலில் ஊசி ஏறியது. தையல் கோணிக்கொண்டு சட்டைகள் திரும்பி வந்தன. உடனே அவருக்குப் புரிந்துவிட்டது: எங்களுக்கு மன அழுத்தமாம்! அதைக் குறைக்க வகுப்பாம்!

போன மாதம் ஒரு செவ்வாய் மதியம் சைகோனிலிருந்து ஒரு பெண் வந்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைப் போட்டு, "நல்லா சாஞ்சுக்கோங்க, கண்ணை மூடுங்க, மெதுவா மூச்சு விடுங்க" என்றாள். நாலாவது மூச்சில் பக்கத்து மெஷின் தியெப் அக்காவிடமிருந்து குறட்டை. பத்தாவது மூச்சில் என் வரிசை அறுபத்திரண்டு பேரும் அவுட். கண்ணைத் திறக்கச் சொல்லி அந்தப் பெண் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாளாம். பிறகு வெளியே போய்ச் சிரித்தாளாம்.

மேலாளர் என் தோளை உலுக்கி எழுப்பினார். "வரிசைத் தலைவி நீயே தூங்கினா? எல்லாரையும் எழுப்பு!" என்றார். தியெப் அக்காவைப் பார்த்தேன். அவளுக்குப் படுத்த படுக்கையாய் மாமியார் இருக்கிறாள். ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறவள். எனக்கு மனம் வரவில்லை. "வகுப்பு நல்லாத்தான் சார் நடக்குது. கெடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குத்தான் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். நீங்களும், "தூக்கம் பெருசா, தலைவி வேலை பெருசா?" என்று கத்தினீர்கள். கேளுங்கள்: தலைவிக்கென்று கொடுத்த கைப்பட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டேன். இப்போது நான் தலைவி இல்லை, பழையபடி காலர் தைக்கிறேன். துளிக்கூட வருத்தம் இல்லை.

என் இடத்துக்கு எங்கள் வரிசையிலிருந்தே குயென் வந்தாள். அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் பதினொன்றரைக்குச் சோறு முடிந்ததும் அவளே நடந்துபோய் விளக்கை அணைத்தாள். ஆளுக்கொரு அட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தோம். மேலாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அறுபத்திரண்டு மெஷினையும் அவரா ஓட்டுவார்? இன்றுவரை விளக்கு அணைகிறது.

இனி உங்கள் விஷயம். தைவானில் மூன்று மாதமாக மதியம் உட்காராமல் மெஷின் முன் நிற்பதாகப் பெருமை பேசுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசியபோது இடது கையைக் காட்டவே இல்லை. முயி கேட்டதற்கு, முட்டைக்கோஸ் நறுக்கும்போது கத்தி பட்டது என்றீர்கள். பதினோரு வருஷத்தில் நீங்கள் முட்டைக்கோஸ் நறுக்கி நான் பார்த்ததில்லை. எத்தனை விரல் என்று நான் கேட்கப்போவதில்லை.

நீங்கள் மாமரத்தில் கட்டிப் படுக்கும் பச்சை வலைத்தூளியை, அங்கே வேலைக்கு வரும் தியெப் அக்காவின் தம்பி கொண்டுவருகிறான். கயிற்றை மாற்றியிருக்கிறேன். அங்கேயும் இரண்டு தூண் இருக்கும்; கட்டுங்கள். யாராவது கேட்டால், "என் பொண்டாட்டி ரொம்பப் பொல்லாதவ, படுக்கலைன்னா விடமாட்டா" என்று சொல்லுங்கள்.

மேலாளரிடம் கெஞ்சாதவள் உங்களிடம் கெஞ்சுகிறேன். மதியம் ஒரு மணி நேரம் படுங்கள். வரும்போது எங்களுக்கு எதுவும் வாங்கிவர வேண்டாம். இரண்டு கையையும் கொண்டுவாருங்கள், போதும்.

உங்கள்
லூவா