பன்னிரண்டாவது கட்டம்

நவம்பர் 18, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஸ்கூட்டி கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். ஷேர் ஆட்டோவில் பட்டுக் கடை வேலைக்கு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகம். அண்ணியின் அட்டையில் பதினொரு சீல். என்னுடையதில் பத்து.

இது என் போட்டி. ஜனவரியில் கிளை நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியபோது எங்கள் தெருவில் பெயர் கொடுத்தது நான் ஒருத்திதான். ஒரு வருடம், பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு வகைப் புத்தகம். படித்து முடித்து, நூலக மேடம் எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் சீல். அதுவரை நான் படித்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் கொலைக் கதைகள்.

அண்ணி மார்ச்சில் கல்யாணமாகி வந்தாள். ஏப்ரலில் பெயர் கொடுத்தாள். எம்.எஸ்சி. பருப்பு வேகிற நேரத்தில் ஐம்பது பக்கம்.

என் நிலவரம்:
பயணம் - முடிந்தது. பிடித்தது.
கவிதை - முடிந்தது. பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னதற்கே மேடம் சீல் போட்டார்.
சமையல் - முடிந்தது. அம்மா சிரித்தாள்.
இன்னும் ஏழு வகை - முடிந்தது.
‘பிடிக்காது என்று நினைக்கும் ஒன்று’ - பாக்கி. ஏரிப் பாசனம் பற்றிய தடிப் புத்தகம் எடுத்திருக்கிறேன். 412 பக்கம். 90-இல் நிற்கிறேன்.
நாடகம் - பாக்கி.

அண்ணிக்குப் பாக்கி நாடகம் மட்டும். நூலகத்தில் நாடகம் மொத்தம் மூன்று. ஒன்றைக் கரையான் தின்றது. ஒன்றில் முதல் இருபது பக்கம் இல்லை. உருப்படியானது ஒன்றே ஒன்று, 82 பக்கம்.

அதை எடுத்துவிட்டேன். படிக்க அல்ல. அவள் எடுக்கக் கூடாது என்பதற்காக.

நவம்பர் 20, வியாழன்

வீட்டில் வைத்தால் அண்ணி கண்ணில் படும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அதனால் கடையில்.

என் வேலை வீடியோ கால். வெளியூர் ஆட்கள் போனில் பார்ப்பார்கள், நான் புடவையைப் பிரித்துக் காட்ட வேண்டும். ‘முந்தானை காட்டுமா, கரையைக் கிட்டக் காட்டுமா, உன் தோள்ல போடுமா.’ எந்தப் புடவை போகும், எது போகாது என்று எனக்கு அத்துப்படி. மேல் தட்டில் ஒரு புடவை, மழை மேக நிறம், கறுப்புக் கரை. கல்யாணத்துக்கு எவரும் கறுப்புக் கரை கேட்க மாட்டார்கள். ஒன்றரை வருடமாக அங்கேயே இருக்கிறது. அதன் மடிப்புக்குள் நாடகத்தைச் செருகினேன். பட்டின் கனத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் தடிப் புத்தகம். அப்புறம் நாடகம், ஒரே நாளில். அவளுக்கு முன்னால் நான்.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்தான். முன்பெல்லாம் வந்ததும் என்னைத்தான் எழுப்புவான். யார் மயங்கி விழுந்தான், எந்த சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், எல்லாம் எனக்குத்தான் முதலில். இப்போது நேராகச் சமையலறை. உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் வெளியே இட்லியைப் பிய்த்துக்கொண்டு.

அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே: “எங்க மருமவ பதினொண்ணு முடிச்சிட்டா. இவ இருக்கறாளே, டைப்ரைட்டிங் பாதி, தையல் பாதி, காலேஜ் பாதி. இதையும் பாதில வுட்டுட்டு வந்து நிப்பா பாரு.”

பி.காம். இரண்டாம் வருடம். விட்டது விட்டதுதான். ஆனால் இதை விட மாட்டேன். அம்மா வாயை அடைக்க எனக்கு வேறு வழி கிடையாது.

சாயங்காலம் அண்ணி வந்தாள். “ரேவதி, அந்த நாடகம் உன்கிட்ட இருக்குதாமே? மேடம் சொன்னாங்க.”

“ஆமா அண்ணி. படிச்சிக்கினு இருக்கறேன்.”

“முடிச்சதும் குடு. அவசரமில்ல.”

அவசரமில்லையாம். பதினொன்று முடித்தவளுக்கு எதற்கு அவசரம்? அந்தப் பொறுமைதான் பற்றி எரிகிறது.

நவம்பர் 29, சனி

பாசனப் புத்தகம் முடிந்தது!! 412 பக்கம். சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் மேடம் எதிரே உட்கார்ந்தேன். ஒரு ஏரிக்கு மதகு எங்கே வைப்பார்கள், யார் வயலுக்கு முதல் தண்ணீர், அதற்கு எப்படிச் சண்டை போட்டார்கள் என்று இருபது நிமிடம் சொன்னேன். நிறுத்தவே முடியவில்லை. மேடம், “பிடிக்காதுன்னு சொன்னியேம்மா” என்றார். சீல். பதினொன்று. சமம்.

பறந்துகொண்டே கடைக்கு வந்தேன். மேல் தட்டு காலி.

ஷமீம் பேக்கிங் பிரிவில். எனக்கு நேர் எதிரே உட்காருபவள். “ரேவு, நீ அந்தாண்ட போனே, பெங்களூர் அம்மா ஒண்ணு கால் பண்ணாங்க. முதலாளியே எடுத்துப் பேசினார். அந்தக் கறுப்புக் கரை போயிடுச்சு! பொண்ணு வக்கீலாம், அவளுக்கு அதான் வேணுமாம்.”

“பிரிச்சிக் காட்டலையா?”

“முந்தானைய மட்டும் இழுத்துக் காட்டினார். அவ்ளோதான், ஓகே சொல்ட்டாங்க. மஞ்சள் வெச்சாச்சு, அட்டை போட்டாச்சு. கூரியர்காரன் இப்பத்தான் எடுத்துக்கினு போறான்.”

எங்கள் கடையில் ஒரு வழக்கம். விலை பேசி முடிந்ததும் முதலாளி புடவை நுனியில் ஒரு துளி மஞ்சள் வைப்பார். அதற்கப்புறம் யாரும் பிரிக்கக் கூடாது. வாங்கியவர்கள் வீட்டில்தான் முதல் பிரிப்பு. கூரியர்காரனைத் தெருவில் துரத்திப் பிடித்தாலும் என்ன சொல்லிப் பிரிக்கச் சொல்வது?

உட்கார்ந்துவிட்டேன். ஷமீம், “இன்னாடி, வித்ததுக்கு இப்டி மூஞ்சிய வெச்சிருக்கற?” என்றாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

நாடகம் கெடு தேதி இன்று. போனில் நீட்டித்துக்கொண்டேன். கையில் இல்லாத புத்தகத்துக்கு நீட்டிப்பு.

அண்ணி கேட்கவில்லை. கேட்டால் கத்தலாம் என்று இருந்தேன். கேட்கவே இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

கடை போனில் பெங்களூர் நம்பர். எடுத்தேன். அந்த அம்மா. மூக்குக் கண்ணாடி, பின்னால் பெரிய சோபா. ஒரு கையில் புடவை. இன்னொரு கையில் என் நாடகம்.

“ஏம்மா, புடவைக்குள்ள இந்தப் புத்தகம் இருந்துச்சே! நீங்க வச்சு அனுப்பினதா?”

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒரு நொடிதான் முழித்தார். வியாபாரி. “ஆமாங்கம்மா. கல்யாணப் பொண்ணுக்கு நம்ம கடை அன்பளிப்பு.”

“என்ன அழகான பழக்கம்! நான்தான் முதல்ல படிக்க ஆரம்பிச்சேன்மா. ரயில்வே கேட் மூடியிருக்கு. இந்தப் பக்கம் கல்யாண வேன், அந்தப் பக்கம் சாவு மேளம். ரயில் வரவே மாட்டேங்குது. கேட் கீப்பர் திறக்க மாட்டேங்கறான். ரெண்டு பக்கமும் சண்டை போட்டு, அப்புறம் இவங்க சோறு அவங்களுக்குப் போகுது, அவங்க மேளக்காரன் இவங்களுக்கு வாசிக்கறான். கல்யாணப் பொண்ணு வேனை விட்டு எறங்கி கேட்டுக்கிட்ட நடந்து போறா, அங்க வந்தேன், என் வீட்டுக்காரர் பிடுங்கிட்டார்!”

பத்து நிமிடம் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அன்பளிப்பு என்றான பிறகு எப்படித் திருப்பிக் கேட்பது?

போன் வைத்ததும் முதலாளி: “ஏம்மா ரேவதி, யாருது அது?”

“என்துதான் சார். தவறிப் போச்சு.”

“கடையில படிக்காத. படிச்சா, பொடவைக்குள்ள வெக்காத.” இரண்டடி போய்த் திரும்பினார். “கேட்டைத் தொறந்தானா?”

“தெரியாது சார்.”

டிசம்பர் 14, ஞாயிறு

நூலகம் போனேன், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று. மேடம் மேசையில் கூரியர் கவர் பிரிந்து கிடக்கிறது. பக்கத்தில் நாடகம். பக்கத்தில் அண்ணி.

மேடம் கடிதத்தை எனக்காக மறுபடி வாசித்தார். ‘உள்ளே உங்கள் நூலக சீல் இருப்பதைப் பிறகுதான் பார்த்தோம். பட்டுப் புடவை வாங்குபவர்களுக்கு நூலகப் புத்தகம் கொடுத்து அனுப்பும் உங்கள் ஊர்ப் பழக்கம் வேறெங்கும் இல்லை. வீட்டில் நால்வரும் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.’

மேடத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “உன் கடைதானேம்மா இது?”

“பேக்கிங்ல மாறிப் போச்சு மேடம்.”

அண்ணி என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. எம்.எஸ்சி. ஆச்சே. “அப்ப நான் எடுத்துக்கறேன் மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்து ஓரிக்கை வீடு வரை வந்தாள். வாசலில் இறங்கினதும்: “என்கிட்ட இருந்து ஒளிச்சு வெச்சியா?”

“ஆமா.”

“இன்னாத்துக்கு?”

“நீங்க எல்லாத்தையும் எடுத்துக்கினீங்க.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணனிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி. பனி.

அண்ணிக்குப் பன்னிரண்டு. அம்மா கேசரி கிளறினாள். நல்ல முந்திரி. தின்றேன்.

புத்தகத்தைத் தன் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றி என் தலையணை மேல் வைத்திருக்கிறாள். எடுத்து ஜன்னல் திட்டில் போட்டேன். திறக்கவில்லை. அவள் முடித்துவிட்டுப் போட்டதை நான் பொறுக்க வேண்டுமா? கதைதான் பெங்களூர் அம்மா சொல்லிவிட்டாரே. அது போதும்.

டிசம்பர் 28, ஞாயிறு

இரண்டு வாரமாகத் தை முகூர்த்தக் கூட்டம். கை முழுக்கச் சரிகை கீறல். புத்தகத்தைத் திறக்கவில்லை.

மாலை நூலகம். அண்ணியும் வேறு புத்தகம் மாற்ற என்னோடு வந்தாள். மேடம் எதிரே உட்கார்ந்தேன். கேட், வேன், மேளம், சோறு, எல்லாம் சொன்னேன். கல்யாணப் பெண் இறங்கி நடக்கிற இடம் வரை. நன்றாகவே சொன்னேன். மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். “போதும்மா, முடிவைச் சொன்னா இங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்” என்று சீலை எடுத்து மையில் ஒற்றினார்.

அண்ணி இரண்டடி தள்ளி அலமாரியைப் பார்த்து நிற்கிறாள். நான் படிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். புத்தகம் ஜன்னல் திட்டில் போட்ட இடத்திலேயே இருப்பதைத் தினமும் பார்த்தவள். ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். நாளைக்கும் சொல்ல மாட்டாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

பன்னிரண்டும் அவளுக்கு. அண்ணன் அவளுக்கு. அம்மா அவளுக்கு. நல்லவள் என்கிற பெயரும் அவளுக்கேவா?

“நான் படிக்கல மேடம்” என்றேன். “ஒருத்தங்க போன்ல சொன்ன கதை இது. பேக்கிங்லயும் மாறிப் போவல. அண்ணிக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நான்தான் பொடவைக்குள்ள ஒளிச்சு வெச்சேன்.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். அண்ணி திரும்பவே இல்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

மேடம் சீலை மூடி வைத்தார். “முப்பத்தொண்ணு சாயங்காலம் ஏழு மணிக்கு மூடுவேன். அதுக்குள்ள படிச்சிட்டு வந்து சொல்லு.”

டிசம்பர் 29, திங்கள்

கடையில் எட்டு மணி வரை நிறுத்திவிட்டார்கள். 6 பக்கம்.

அம்மா, “அது பன்னெண்டு முடிச்சிடுச்சு, நீ இன்னாடி?” என்றாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

19 பக்கம். பெங்களூர் அம்மா சொன்னது இதில் கால்வாசிகூட இல்லை. கேட் கீப்பருக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதை அவர் சொல்லவே இல்லை. அந்தக் கேட் கீப்பர் பேசுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் அதே வரியைத் திரும்பப் படிக்கிறேன்.

முதலாளியிடம் நாளைக்கு அரை நாள் லீவு கேட்டேன். “எதுக்கு?” “கேட்டைத் தொறந்தானான்னு பாக்க சார்.” கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 31, புதன்

மழை இல்லை, மூட்டம். நூலகம், ஜன்னலோர பெஞ்சு. புத்தகத்துக்கு அடியில் இந்த நோட்டு.

3.15 - பக்கம் 38.

4.40 - பக்கம் 57. கல்யாணப் பெண் இறங்கிவிட்டாள். இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லாத இடம்.

5.50 - அண்ணி வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை நான்.

“எந்த எடம்?”

“பொண்ணு கேட்டு மேல கை வெக்கறா.”

அண்ணி மூச்சை இழுத்தாள். “ஐயோ. அடுத்த பக்கம் இனிமேத்தானா உனக்கு?”

“சொல்லாதீங்க!”

“சொல்லல. எனக்கு அது முடிஞ்சு போச்சே ரேவதி. ரெண்டு தடவ திரும்பப் படிச்சிட்டேன். மொத தடவ மாதிரி வரவே இல்ல.”

6.20 - அண்ணி எதையும் படிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் புத்தகத்தையே பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து மாதமாக நான் பார்த்த பார்வை அது. அண்ணிக்கு என்மேல் பொறாமை.

மேடம் ஒரு ஜன்னலைச் சாத்தியாயிற்று. இன்னும் நான்கு பக்கம். மெதுவாகத்தான் படிப்பேன்.