சிமெண்ட் சட்டை போட்ட வீடு

நியூ மெக்சிகோ
மே 19, 1988

அன்பு மகள் எலோயிசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை பெர்ஃபீலியாவும் ஆடுகளும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் நன்றாக இல்லை, அது என்றைக்கு நன்றாக இருந்தது. நீ பாஸ்டனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். காய்ந்த சிவப்பு மிளகாய் ஒரு சரம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அங்கே கடையில் விற்கிற மிளகாய்த்தூளை வாங்காதே, அது வெறும் செங்கல் பொடி.

ஹாஸ்கல் பண்ணை வீட்டு விழா எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். நடந்தது, நடந்தது, ஊரே சிரிக்க நடந்தது. வீட்டை நினைவுச் சின்னமாக அறிவித்து வெண்கலப் பலகை பதிக்கிற விழா. பலகையில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 1881இல் கேப்டன் ஹாஸ்கல் தன் சொந்தக் கையால் கட்டிய வீடாம். சொந்தக் கையாம்! தன் பூட்ஸைக் கழற்றவே இரண்டு ஆள் தேவைப்பட்ட மனுஷன். மண் குழைத்து, பச்சை மண்கல் அறுத்து, வெயிலில் காயவைத்துச் சுவர் எழுப்பியது உன் அப்பாவின் தாத்தாவும் அவர் தம்பிகளும். கேப்டன் நிழலில் நாற்காலி போட்டுச் சுருட்டுப் பிடித்தார், அதைப் பலகையில் போட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். வெளிப்பூச்சு அன்றிலிருந்து நம் வீட்டுப் பெண்களின் வேலை. ஜூலை மழைக்கு முன்னால் ஓடைக் களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து உள்ளங்கையால் பூசுவோம். மழை கரைத்ததை மறு வருஷம் திரும்பப் பூசிவிடுவோம், நூறு வருஷமாக அந்த வீடு நின்றது அப்படித்தான். நானும் அத்தையும் மட்டும் முப்பது வருஷம் பூசியிருக்கிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாரம்பரியக் குழு வீட்டை எடுத்துக்கொண்டது. தலைவி திருமதி புரூயிட், இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து ஐந்து வருஷம்கூட ஆகாதவள், நம் பழமையை நமக்கே காப்பாற்றித் தர வந்துவிட்டாள். வருஷா வருஷம் இந்தச் சேத்துல எதுக்குங்க கஷ்டப்படறீங்க, ஒரே தடவை சிமெண்ட் பூசிட்டா காலத்துக்கும் நிக்கும் என்றாள். நான் சொன்னேன், மண்சுவர் மழையைக் குடிச்சா வெயில்ல மூச்சு விட்டுக் காயணும்மா, சிமெண்டைப் போட்டு மூக்கைப் பொத்தினா தண்ணி உள்ளேயே தங்கி அடி கரைஞ்சிடும் என்று. அவள் பல்லைக் காட்டிக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தாள். சிமெண்ட் பூச்சுக்கு ஆட்சேபனை இல்லை, நீடித்து உழைக்கும், இப்படிக்கு எலோயிசா அர்ச்சுலெத்தா, பொறியாளர். இரண்டே வரி. நீ வந்து பார்க்கவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்க மகளே சொல்றாங்களே என்றாள். அன்று மூடிய வாயை நான் உன்னிடம்கூட இதுவரை திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

விழாவன்று பனி உருகிய ஈரம் இன்னும் காயவில்லை. மேற்குச் சுவரின் அடி கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியிருந்ததைக் குருடன்கூடப் பார்த்திருப்பான், குழு பார்க்கவில்லை. புரூயிட் பேசினாள், பேசினாள், கடைசியில், பாருங்க, பாறை மாதிரி நிக்குது என்று சுவரைத் தட்டினாள். சிமெண்ட் அப்படியே பாளமாகக் கழன்று விழுந்தது, பின்னாலேயே உள்ளே இருந்த மண் கூழாகக் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. பலகை சேற்றில் குப்புற விழுந்தது, கேப்டனுக்குப் படுத்துத்தான் பழக்கம். அத்தை தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டாள், நான் பொத்திக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை புரூயிட் ஆப்பிள் கேக்கோடு அசடு வழிய வந்தாள். கேக் உள்ளே வேகவே இல்லை. நீங்கதான் வந்து பழையபடி பூசித் தரணும், சிமெண்டை முழுசா எடுக்காம மழை வந்துட்டா வீடே போயிடும் என்றாள். மூன்று வருஷம் கழித்து எனக்கே பாடம். அதோடு விட்டாளா, தப்பு எங்க மேல இல்லீங்க, பொறியாளர் சொல்லித்தான் செஞ்சோம், கடிதத்தைப் பத்திரிகைக்குக் குடுக்கப்போறோம் என்றாள். நான் சொன்னேன், பூசித் தரேன், அந்தப் பொய்ப் பலகையை எந்தப் பேரோட வேணும்னாலும் திரும்ப மாட்டிக்கோ, அந்தக் கடிதத்தை மட்டும் என் கையில குடுத்துட்டுப் போ என்று. நூறு வருஷத்து உழைப்பைக் கேப்டனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு உன் இரண்டு வரியை வாங்கியிருக்கிறேன். அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, அவள் பேசாதது நியாயம்தான்.

ஜூன் இரண்டாவது வாரத்துக்குள் வந்து சேர். விடுமுறை இல்லை, வேலை இருக்கிறது என்றெல்லாம் எழுதாதே. சிமெண்டைக் கொத்தி எடுப்பது உன் வேலை, மண் மிதிப்பதும் உன் வேலை, நல்ல துணி எடுத்து வராதே. கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன், உன் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது, போட முடியவில்லை. வரும்போது கொண்டு வா. இந்த வருஷம் வைக்கோல் குறைவு, அந்தக் கடிதத்தையும் நறுக்கி மண்ணில் போட்டுக்கொள்வோம்.

உழவர்களைக் காக்கும் புனித இசித்ரோ உன் தலைக்கும் புத்திக்கும் துணையிருக்கட்டும். மிளகாயை ஈரம் படாமல் தொங்கவிடு.

உன் அம்மா
எடூவிகன்